மிச்சமான மரத்துண்டுகளை ஒட்டிக் கடைசலில் பேனா செய்ய முடியுமா? ஒட்டிய இடம் பிரிந்துவிடாதா?

முடியும். ஒழுங்காகச் செய்தால் ஒட்டிய இடமும் பிரியாது. ஆனால் அது பிரியாமல் நிற்பதற்குத் துண்டுகளுக்கு நடுவிலுள்ள பசை மட்டும் காரணம் அல்ல. கடையில் தொகுப்பாகக் கிடைக்கும் மெலிந்த வகைப் பேனாவின் உள்ளே 7 மி.மீ. விட்டமுள்ள பித்தளைக் குழாய் இருக்கிறது. கடைந்து முடித்த பின் பேனாவின் முனையில் மொத்த விட்டமே 8 மி.மீ.-ஐச் சற்றுத் தாண்டித்தான் நிற்கும். அதாவது அந்த இடத்தில் மரத்தின் கனம் ஒரு மில்லிமீட்டர்கூட இராது. எழுதும்போது வரும் அழுத்தத்தைத் தாங்குவது குழாய். மரம் அதன்மேல் போர்த்திய தோல். ஆகவே ஒவ்வொரு துண்டும் குழாயோடு இடைவெளியின்றி ஒட்டியிருக்கிறதா என்பதே உங்கள் கேள்விக்கான உண்மையான விடை.

மரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கதவு, நிலை, ஜன்னல் செய்யும் பட்டறைகளில் அடுப்புக்குப் போகும் துண்டுகளே இந்த வேலைக்குப் போதும். தேக்கு எளிதில் கிடைக்கும், ஆனால் அதில் இயல்பாகவே மணற்சத்து இருப்பதால் உளியின் கூர் சீக்கிரம் மழுங்கும். கருமை கலந்த நிறத்துக்கு ஈட்டியை மிஞ்ச எதுவுமில்லை. தமிழ்நாட்டில் ஈட்டி மரங்களைக் காக்க 1994-இல் தனிச் சட்டமே வந்தது என்பதால், உடைந்த பழைய கட்டில், அலமாரி, நாற்காலிக் கால் ஆகியவற்றிலிருந்து அதை எடுத்துக்கொள்வதே முறை. வெண்மைக்கு வெட்பாலை மிக நல்லது. கர்நாடகத்திலுள்ள சென்னபட்டணத்துப் பொம்மைகள் காலங்காலமாகக் கடையப்படுவது அந்த மரத்தில்தான். பலாவின் மஞ்சளைப் பார்த்து மயங்குபவர்கள், அது வெளிச்சம் படப்பட நாளடைவில் பழுப்பாகிவிடும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மற்ற நிறங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்று ஈட்டிக்கும் பலாவுக்கும் இடையே தெரியும் வேறுபாடு சில ஆண்டுகளில் குறைந்துவிடும். எந்த மரமானாலும் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். ஈரம் உள்ள துண்டு பின்னர் சுருங்கும்போது, பசை எவ்வளவு வலுவானதாக இருந்தாலும் அந்த மெல்லிய தோல் வெடிக்கும். ஒட்டுப்பலகை விளிம்பு அழகாக வரும் என்று சிலர் சொல்வார்கள். அதன் அடுக்குகளுக்குள் இருக்கும் பொந்துகள் கடையும்போதுதான் வெளிப்படும் என்பதால் எனக்கு அதில் விருப்பமில்லை.

ஒட்டும் வேலையில்தான் பேனாவின் தலையெழுத்து தீர்மானமாகிறது. துண்டுகளை நீளவாக்கில் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினால், குறுக்கே அறுத்த முகமும் குறுக்கே அறுத்த முகமும் சேரும். அந்த முகம் பசையை உறிஞ்சிக்கொள்வதால் மூட்டு எப்போதும் பலவீனமாகவே இருக்கும். அதற்கு இரண்டு வழிகள் உண்டு: முதலில் மெல்லிய பூச்சாகப் பசை தடவிச் சற்று ஊறவிட்டு மறுபடியும் தடவி ஒட்டலாம், அல்லது துண்டுகளைச் சாய்வாக அறுத்து ஒட்டலாம். சாய்வில் ஒட்டும் பரப்பும் கூடுகிறது, கடைந்த பின் நேர் வளையத்துக்குப் பதிலாக நீள்வட்டக் கோடும் கிடைக்கிறது என்பதால் நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன். தேக்கு, ஈட்டி போன்ற எண்ணெய்ப் பசையுள்ள மரங்களை ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்துவிட வேண்டும். தச்சர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் வெள்ளைப் பசை மரத்துக்கு மரம் ஒட்டப் போதுமானது. நடுவே அலுமினியத் தகடு போன்ற உலோகம் வருமானால், அதை உப்புத்தாளால் கீறிவிட்டு, இரண்டு குழல்களிலிருந்து கலந்து பூசும் எபாக்சியை நாட வேண்டும். கிளாம்பில் இறுக்கி ஒரு நாள் முழுவதும் விட்டுவிடுங்கள்.

பின்னல் போல வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து செல்லும் பேனாவைப் பலர் படத்தில் பார்த்திருப்பீர்கள். அதில் மாயம் ஒன்றுமில்லை. சுமார் 20 மி.மீ. சதுரக் கட்டையை 45 பாகைச் சாய்வில், முழுவதும் துண்டாகாமல் அடியில் சிறிது விட்டு அறுக்க வேண்டும். அந்த வெட்டுக்குள் வேறு நிற மரச்சில்லைப் பசையோடு செருக வேண்டும். பசை காய்ந்ததும் நீட்டிய சில்லைச் சீவிவிட்டு, கட்டையை அடுத்த பக்கத்துக்குத் திருப்பி அதே இடத்தில் மறுபடி அறுக்க வேண்டும். நான்கு பக்கமும் முடிந்த பின் உருட்டிக் கடைந்தால் பின்னல் தானே வெளிப்படும். இங்கே இரண்டு அளவுகள் தவறக் கூடாது. சில்லின் கனம் வாள் வெட்டின் அகலத்துக்குச் சரியாக இருக்க வேண்டும், இல்லையெனில் முன்னர் செருகிய சில்லின் இரு பாதிகளும் நேர்க்கோட்டில் நில்லாமல் விலகிவிடும். கட்டை நான்கு பக்கமும் மூலைமட்டத்துக்கு ஒத்த சதுரமாக இருந்து, துளை அதன் மிகச் சரியான நடுவில் விழ வேண்டும். ஒரே மரத்தாலான பேனாவில் துளை அரை மில்லிமீட்டர் விலகினால் யாருக்கும் தெரியாது. பின்னல் பேனாவில் ஒரு பக்க வளையம் பெரிதாகவும் மறுபக்கம் சிறிதாகவும் தெரிந்து காட்டிக்கொடுத்துவிடும். இவ்வளவு சிறிய துண்டுகளை மேசை ரம்பத்தில் கையால் தள்ளி அறுப்பது விரலுக்கு ஆபத்து. சாய்வுக் காடி வெட்டிய மரப்பெட்டியில் கட்டையைப் பொருத்தி மெல்லிய கைவாளால் அறுப்பது நிதானமான வேலையானாலும் அதையே செய்யுங்கள்.

துளையிடும்போது எதிரி வெப்பம். வெள்ளைப் பசை சூட்டில் இளகும், எபாக்சியும் அப்படியே. எனவே பிட்டைச் சிறிது இறக்கி, வெளியே இழுத்துத் தூளை உதிர்த்து, மறுபடி இறக்க வேண்டும். கட்டையைச் சற்று நீளமாக வைத்துக்கொண்டு, துளை மறுமுனையைத் தொடுவதற்கு முன் நிறுத்தி, அந்த முனையை அறுத்து எறிந்துவிட்டால் வெளிவாய் சிதறாது. குழாயை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, எபாக்சி பூசி, துளையின் சுவரெங்கும் பசை படும்படி சுழற்றிக்கொண்டே செருகுங்கள். உடனே ஒட்டும் பசை இங்கே பாதிவழியில் பிடித்துக்கொண்டு காலை வாரிவிடும்.

இவ்வளவும் சரியாக அமைந்த பின் கடைசல் வேலை வியக்கத்தக்க அளவு சுலபம். நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு மேல் வைத்து, நன்கு தீட்டிய உளியால் மெல்லிய சீவல்களாக எடுக்க வேண்டும். மழுங்கிய உளி மரத்தை வெட்டாமல் தள்ளுவதால்தான் ஒட்டிய துண்டு பிய்ந்து பறக்கிறது. முகத்துக்குத் தடுப்பும், ஈட்டித் தூள் பலருக்கு ஒவ்வாமை தருவதால் மூக்குக்கு மூடியும் கட்டாயம்.

உப்புத்தாள் போடும் கட்டத்தில் ஒட்டுப் பேனாவுக்கே உரிய தொல்லைகள் இரண்டு உண்டு. கடின மரமும் மென்மரமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் மென்மரம் அதிகம் தேய்ந்து பள்ளமாகும். ஆகவே இறுதி வடிவத்தை உளியிலேயே கொண்டுவந்துவிட்டு உப்புத்தாளை மிகக் குறைவாகப் பயன்படுத்த வேண்டும். மற்றொன்று, ஈட்டியின் கரிய தூள் வெட்பாலையின் நுண்துளைகளில் ஏறி அதை அழுக்காக்குவது. ஈரத்துணியால் துடைத்தால் கறை இன்னும் பரவும். முன்கூட்டியே ஒரு பூச்சு அவலரக்கு (ஷெல்லாக்) கரைசல் கொடுத்து வெள்ளை மரத்தை அடைத்துவிட்டு, தூளைக் காற்றால் ஊதிவிடுங்கள்.

மேற்பூச்சுக்கும் அரக்கே என் விருப்பம். சென்னபட்டணத்துக் கலைஞர்கள் சுழலும் மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்தி, உராயும் சூட்டிலேயே அதை உருக்கி ஏற்றி, தாழை மடலால் தேய்த்து மெருகு வரவழைப்பார்கள். அவலரக்கை எரிசாராயத்தில் கரைத்துச் சுழற்சியில் தேய்த்து ஏற்றும் பேனாப் பூச்சும் அதே உராய்வுச் சூட்டைத்தான் நம்பியிருக்கிறது. கை வியர்வை அதை மெல்ல மங்கச் செய்யும் என்பது உண்மை, ஆனால் மறுபடி பூசுவதும் எளிது. நீடித்த கண்ணாடி மினுக்கம் வேண்டுபவர்கள் உடனே ஒட்டும் பசையையே மெல்லிய அடுக்குகளாகப் பூசுகிறார்கள். அதைப் பருத்தித் துணியால் பூசாதீர்கள், துணி சூடேறிக் கையைச் சுட்டுவிடும். காகிதத் துவாலை போதும்.

பொருத்துவதற்குத் தனிக் கருவி தேவையில்லை. தாடைகளில் மரத்தகடு வைத்த வைஸ் போதும். பேனாவின் மேல் பாதி, கீழ்ப் பாதி இரண்டையும் அறுப்பதற்கு முன்பே பென்சிலால் குறியிட்டு வைத்திருந்தால், கோலம் நடுவளையத்தைத் தாண்டியும் தொடரும்படி திருப்பிப் பொருத்தலாம். எழுதும் முனையை வெளித்தள்ளும் திருகு பொறியை மட்டும் ஒரே அழுத்தில் இறக்காமல், இடையிடையே ரீஃபிலைப் போட்டு முனை எவ்வளவு வெளியே வருகிறது என்று பார்த்துக்கொண்டு இறக்குங்கள். அளவுக்கு மேல் இறங்கிய பொறியை மரம் விரியாமல் வெளியே எடுப்பது மிகவும் கடினம்.