இன்னும் வராத தகைவிலான்: தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அக்டோபர் வசந்தம், கேள்வி பதில்

சாட்ஸ்வர்த்திலிருந்து: மாமா, அக்டோபர் பாதி போய்விட்டது. கரண்டுக் கம்பியில் ஒரு ஸ்வாலோகூட இல்லையே. இந்த வருஷம் வராதா?

வரும் அம்மா. நாம் ஸ்வாலோ என்கிற தகைவிலான் ஐரோப்பாவில் கூடு கட்டி, சஹாராவைத் தாண்டி ஏறக்குறைய 10,000 கிலோமீட்டர் பறந்து வருகிறது. அங்கே பகல் குறையும்போது புறப்பட்டுவிடும். வந்து சேருவது வழியிலுள்ள காற்றையும் மழையையும் பொறுத்தது. இங்கேயும் குளிரும் தூறலும் விடாமல் இருந்தால் பூச்சி பறக்காது. பூச்சிதானே அதற்குச் சோறு! பெருங்கூட்டம் நவம்பரில்தான் வரும். தூறல் நாளில் கம்பியைப் பார்க்காதீர்கள், அணைக்கட்டுக்குப் போங்கள். முதலில் வந்தவை தண்ணீரை ஒட்டித் தாழப் பறக்கும்.

1911 மே மாதம் இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்ட்ஷயரில் காலில் வளையம் போட்ட ஒரு தகைவிலான், 1912 டிசம்பரில் நம் நடால் மாகாணத்தின் யூட்ரெக்ட் பக்கத்துப் பண்ணைவீட்டில் பிடிபட்டது. அவை வடக்கின் குளிர்காலத்தைக் கழிப்பது இங்கேதான் என்பதற்கு அந்த வளையம்தான் சாட்சி. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கும்.

வெருலத்திலிருந்து: எங்கள் வராந்தாக் கூரையடியில் ஒரு ஜோடி மண்கூடு கட்டுகிறதே, அதுதானா?

இல்லை. ஐரோப்பாத் தகைவிலான் இங்கே கூடு கட்டாது. மார்பில் கோடுகளும் செம்பழுப்புத் தலையும் இருந்தால் அது கோட்டுத் தகைவிலான். கூட்டு வாசல் குழாய் மாதிரி நீண்டிருக்கும். தயவுசெய்து தட்டிவிடாதீர்கள்.

ஃபீனிக்ஸிலிருந்து: அண்ணா, உம்கேனி முகத்துவாரத்தில் உள்ளான்கள் நிற்கின்றன. புதிதாக வந்தவையா?

சில புதிது, சில போன வருஷக் குஞ்சுகள். முதல் வருஷம் வடக்கே திரும்பாமல் இங்கேயே தங்கிவிடுவது உண்டு. கடல் வற்றும் நேரம் பார்த்துப் போங்கள். சேறு தெரிந்தால்தான் அவை இறங்கி மேயும்.

டொங்காட்டிலிருந்து: தகைவிலான்கள் இரவில் அடையும் மவுண்ட் மோர்லண்ட் நாணலுக்கு இந்தச் சனிக்கிழமை போகலாமா?

நவம்பர் கடைசிவரை பொறுங்கள். அப்புறம் அந்தி சாயும்போது கூட்டமாக இறங்குவதைப் பார்க்கலாம்.

உம்சிண்டோவிலிருந்து: விடியற்காலையில் மூன்று சுரத்தில் ஒன்று கத்திக்கொண்டே இருக்கிறது, ஆளைக் காணோம்.

அது செம்மார்புக் குயில். "பீட்-மை-ஃப்ரௌ" என்று இறங்கு சுரத்தில் கூப்பிடும். ஆப்பிரிக்காவின் நடுப்பகுதியிலிருந்து வருவது. மரத்தின் உச்சியில் இலைக்குள் அசையாமல் இருக்கும், அதனால் காதைத்தான் நம்ப வேண்டும். உங்களுக்கு வசந்தம் வந்துவிட்டது அக்கா. தேதியைக் குறித்து வையுங்கள்.

சாட்ஸ்வர்த்திலிருந்து மறுபடி: ஒன்றும் பார்க்காத நாளையும் குறிக்கணுமா?

கட்டாயம். எந்தப் பறவை எங்கே இருக்கிறது என்று வரைபடமாக்க 2007-இல் தொடங்கிய பறவை அட்லஸ் கணக்கெடுப்பில், ஓரிடத்தில் குறைந்தது இரண்டு மணி நேரம் தேடி எழுதும் பட்டியலைத்தான் முழுப் பட்டியல் என்கிறார்கள். அதில் தகைவிலான் இல்லையென்றால், இன்னும் வரவில்லை என்பதற்கு அதுவே பதிவு.