சாணை பிடித்துப் பழக எந்தக் கத்தி வாங்கலாம்?

கேள்வி: 1000 கிரிட் (கல்லின் நொய்மையைக் குறிக்கும் எண்) தீட்டுகல் வாங்கிவிட்டேன். வீணாய்ப் போனாலும் பரவாயில்லை என்று பாத்திரக் கடையில் மலிவுக் கத்தி நாலைந்து வாங்கிப் பழகலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பணத்தில் நல்ல கத்தி ஒன்று வாங்குங்கள். எஃகு வகையைச் சொல்லாமல் ‘ஸ்டெயின்லெஸ்’ என்று மட்டும் அச்சிட்டு வரும் மலிவுக் கத்திகள் பெரும்பாலும் மெத்தென்று இருக்கும். தீட்டும்போது விளிம்பில் எழும் பிசிறு, அதாவது மெல்லிய உலோக மடிப்பு, அதில் லேசில் விழாது. இந்தப் பக்கம் தேய்த்தால் அந்தப் பக்கம் சாயும், திருப்பித் தேய்த்தால் மறுபடி இந்தப் பக்கம் வரும். அந்தப் பிசிறோடு தாளைச் சர்ரென்று கிழிக்கும், ஆனால் நாலு தக்காளி நறுக்கியதும் மழுங்கிவிடும். குறை கையிலா, கத்தியிலா என்பதே புதிதாகப் பழகுபவருக்குப் பிடிபடாது.

கேள்வி: அப்படியானால் எந்த எஃகு?

பதில்: முதல் கத்தி கார்பன் எஃகாக இருக்கட்டும். பிரான்சின் ஒப்பினெல் 8ஆம் எண் மடக்குக் கத்தி தோதானது. ‘கார்பன்’ வகையைக் கேட்டு வாங்குங்கள். ‘இனாக்ஸ்’ என்பது துருப்பிடிக்காத வகை. கார்பன் வகையின் அலகு மெல்லியது, பிசிறு சீக்கிரம் எழும், சுத்தமாக விழும். ஈரத்தோடு விட்டால் துரு ஏறும். துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவுங்கள்.

சுவீடனின் மோரா கார்பன் கத்தியையும் பலர் சொல்வார்கள். அதன் அகலமான சரிவு (விளிம்பை நோக்கிச் சாய்ந்து இறங்கும் பரப்பு) கல்லில் தானாகவே படிந்து உட்காரும். பிசிறைப் புரிந்துகொள்ள அருமை. ஆனால் கோணத்தைக் கையால் பிடிக்கும் பழக்கம் அதில் வராது.

இரண்டாவதாக 1.4116 என்ற எண்ணுள்ள துருப்பிடிக்காத எஃகில் ஒரு சமையல் கத்தி. விக்டோரினாக்ஸ் இந்த ரகம். கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் 55-56. பிசிறு கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அதுதான் அடுத்த பாடம். எஸ்30வி போன்ற தேய்மானம் தாங்கும் எஃகு வகைகள் இப்போது வேண்டாம். எஸ்30வியில் 4 சதவீதம் வனேடியம் என்ற உலோகம். அதனால் உண்டாகும் கார்பைடு துகள், சாதாரணக் கல்லின் அலுமினியம் ஆக்சைடைவிடக் கடினமானது. தேய்த்துத் தேய்த்துக் கைதான் ஓயும்.

கேள்வி: கொல்லுப்பட்டறையில் லாரி வில்பட்டையில் அடித்த கத்தி?

பதில்: எஃகு நல்லது, பதம்தான் (காய்ச்சிக் குளிர்வித்து ஏற்றும் கடினம்) பட்டறைக்குப் பட்டறை மாறும். கைப்பிடியை ஒட்டிய அடிப்பக்க விளிம்பில் சின்ன அரத்தை லேசாக இழுத்துப் பாருங்கள். அரம் கடித்துத் தூள் கொட்டினால் பதம் போதாது. வழுக்கினால் வாங்கலாம், அலகு தடிமனாக இல்லாவிட்டால் மட்டும்.

கேள்வி: கடையில் வேறு என்ன பார்க்க வேண்டும்?

பதில்: ரம்பப் பல் வேண்டாம். கைப்பிடியை ஒட்டிய உலோகத் தடிப்பு விளிம்புவரை இறங்கியிருந்தாலும் வேண்டாம். அடிப்பகுதி கல்லில் படாது, நாளடைவில் அங்கே பள்ளம் விழும். முதுகுப் பக்கமிருந்து நீளவாக்கில் பார்த்து அலகு வளையாமல் இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள்.

கேள்வி: தீட்டியும் முனைப்பக்கம் மட்டும் கூர் வருவதில்லையே?

பதில்: வளைவு தொடங்கும் இடத்தில் கைப்பிடியைச் சற்று உயர்த்தாவிட்டால் முனை கல்லைத் தொடாது. சரிவில் மார்க்கர் மை பூசி இரண்டு இழுப்பு இழுங்கள்; மை மிச்சமிருக்கும் இடம் கல்லில் படாத இடம். 30 மி.மீ. அகல அலகுக்கு 15 டிகிரி கோணம் வேண்டுமானால் முதுகு கல்லிலிருந்து சுமார் 8 மி.மீ. உயர்ந்து நிற்க வேண்டும். அடிமுதல் முனைவரை பிசிறு விரலில் தட்டுப்படும்வரை பக்கம் மாற்றாதீர்கள். இருபுறமும் பிசிறு எழுந்தபின் அழுத்தத்தைக் குறைத்து, பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி, விளிம்பு முன்னே போகும்படி மெல்லத் தள்ளிப் பிசிறை எடுங்கள்.