சன் ஹவுஸ் பதிவோடு சுருதி சேரவில்லையா?

அமெரிக்க ப்ளூஸ் பாடகரும் கிட்டார் கலைஞருமான சன் ஹவுஸின் 1930 பதிவுகளோடு கிட்டார் சேரவில்லை, ஸ்லைடு (விரலில் மாட்டிக் கம்பிமேல் வழுக்கவிடும் குழாய்) கரகரக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் காதில் கோளாறில்லை. சன் ஹவுஸ் அதிகம் கையாண்டது ஓபன் ஜி, அதாவது எந்தக் கம்பியையும் அழுத்தாமல் மீட்டினாலே ஜி மேஜர் கார்டு ஒலிக்கும் சுருதியமைப்பு. 6, 1ஆம் கம்பிகளை ஈயிலிருந்து டீக்கும், 5ஆம் கம்பியை ஏயிலிருந்து ஜிக்கும் இறக்குங்கள். மற்ற மூன்றையும் தொடவேண்டாம். மிசிசிப்பி டெல்டா பகுதி ப்ளூஸ்காரர்கள் இதை 'ஸ்பானிஷ்' என்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க வீடுகளில் பரவிய 'ஸ்பானிஷ் ஃபாண்டாங்கோ' என்ற அருமையான கிட்டார் உருப்படி தந்த பெயர் அது.

பிறகும் கொஞ்சம் விலகினால், தட்டின் வேகம் காரணமாயிருக்கலாம்: அக்கால இசைத்தட்டுகள் எல்லாமே துல்லியமாக நிமிடத்துக்கு 78 சுற்றில் பதிவானவை அல்ல. ட்யூனரை மறந்துவிட்டு, தட்டின் சுருதிக்கே கம்பியை முறுக்குங்கள்.

கரகரப்புக்குப் பெரும்பாலும் அழுத்தம்தான் காரணம். ஸ்லைடு ஃப்ரெட்டுக்கு (கிட்டார் கழுத்தின் குறுக்கே உள்ள உலோகப் பட்டை) நேர்மேலே நின்று கம்பியைத் தொட்டாலே போதும். அதைச் சுண்டுவிரலில் மாட்டி, மற்ற விரல்களை அதற்குப் பின்னால் கம்பிகள்மேல் லேசாகப் படியவிட்டால் வீண் ஒலி அடங்கும்.