ஜெனீவாவுக்கு மனு போட்டால் என்ன நடக்கும்?

கேள்வி: பழங்குடி மக்களின் உரிமைக்காக ஐ.நா.வுக்கு மனு அனுப்பலாம் என்கிறார்கள் நண்பர்கள். பலன் இருக்குமா, குப்பைக்கூடைக்குத்தான் போகுமா?

பதில்: 'ஐ.நா. சபை' என்று பொதுவாக எழுதி அனுப்பினால் குப்பைக்கூடைதான். எந்தக் கதவைத் தட்டுகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

கனடாவில் சாண்ட்ரா லவ்லேஸ் என்ற மலிசீட் இனப் பெண், பழங்குடி அல்லாத ஒருவரை மணந்ததால் சட்டப்படி பழங்குடி அந்தஸ்தையே இழந்தார். மணவாழ்க்கை முறிந்து ஊர் திரும்பினால், அங்கே குடியிருக்கும் உரிமையும் இல்லை. இதே திருமணத்தை ஓர் ஆண் செய்திருந்தால் அவருக்கு எதுவும் போயிருக்காது! 1977-இல் ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்கு மனு போட்டார். உள்நாட்டு நீதிமன்றங்களை முயன்றுவிட்டுத்தான் அங்கே போக வேண்டும். ஆனால் அந்தச் சட்டம் செல்லும் என்று கனடா உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் 1973-லேயே சொல்லியிருந்ததால், குழு அவரைத் திருப்பி அனுப்பவில்லை. 1981-இல் முடிவு அவர் பக்கம் வந்தது. 1985-இல் கனடா சட்டத்தைத் திருத்தியது. குழுவிடம் போலீசும் கிடையாது, ஜப்தி ஆணையும் கிடையாது. உலகத்தின் முன்னால் மானம் போகிறதே என்று ஓர் அரசு கூச்சப்பட வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் தனிநபர் மனுவை ஏற்கும் நெறிமுறை என்ற துணை ஒப்பந்தத்தில் உங்கள் நாடு சேர்ந்திருந்தால்தான் இந்தக் கதவு திறக்கும். கனடா 1976-இல் சேர்ந்தது. இந்தியா சேரவே இல்லை. சேராத நாட்டுக்காரர்கள், பழங்குடி உரிமைகளுக்கான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளருக்கு எழுதலாம். 2001 முதல் இருக்கும் பதவி அது. உள்ளூர் வழக்கு முடிந்திருக்க வேண்டியதில்லை. அவர் அரசிடம் நேரடியாக விளக்கம் கேட்பார்.

ஒரு வேண்டுகோள். எனக்குப் பார்வைக்கு வரும் மனுக்களில் முதல் பல பக்கங்கள் ஆதிகால வரலாறாகவே இருக்கின்றன. எந்த நிலம், யார் போட்ட உத்தரவு, என்ன தேதி என்று தேடினால் கிடைப்பதில்லை. அது முதல் பக்கத்தில் இருக்கட்டும்.

கேள்வி: பழங்குடி மக்களின் உரிமைகள் பற்றிய 2007 ஐ.நா. பிரகடனத்தைக் காட்டி அரசைக் கட்டுப்படுத்த முடியாதா?

பதில்: முடியாது. 144 நாடுகள் ஆதரித்தன, 4 எதிர்த்தன (எதிர்த்த நான்கும் பின்னர் மனம் மாறின). ஆனாலும் அது ஒப்பந்தம் அல்ல. வாதத்துக்கு வலு சேர்க்கும், சரி. கட்டுப்படுத்துவது பழங்குடி மக்கள் குறித்த சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 169-ஆவது உடன்படிக்கை. அதை ஏற்ற நாடுகளோ சொற்பம். பிரகடனத்துக்கு ஆதரவாக வாக்களித்த இந்தியாவும் அந்தப் பட்டியலில் இல்லை.

கேள்வி: ஐ.நா. தவிர வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. சில சமயம் அதுதான் வேகமானது. ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் (அலுமினியத் தாது) தோண்ட, அப்போது லண்டன் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டிருந்த வேதாந்தா நிறுவனம் வந்தது. மலையைத் தெய்வமாக வணங்கும் டோங்ரியா கோண்ட் மக்கள் எதிர்த்தார்கள். வெளிநாட்டு ஆதரவாளர்கள் குறிவைத்தது பங்குதாரர்களை! நார்வே அரசின் ஓய்வூதிய நிதி 2007-இல் அந்த நிறுவனத்தைத் தன் முதலீடுகளிலிருந்து விலக்கியது. 2010-இல் இங்கிலாந்துத் திருச்சபை தன் பங்குகளை விற்றது. 2013-இல் கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்றது இந்திய உச்ச நீதிமன்றம். மாவட்ட நீதிபதி நிலையிலுள்ள அதிகாரியின் முன்னிலையில் 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. நார்வேயால் ஜெயித்தோம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மக்கள் மலையை விட்டு நகராமல் இருந்ததால்தான் வெளியார் பேச்சுக்கு மதிப்பு வந்தது.

கேள்வி: நாங்கள் பழங்குடிகள் அல்லர். அவர்கள் சார்பில் எழுதலாமா?

பதில்: கேட்டுவிட்டு எழுதுங்கள். மனு போனபின் தொல்லை வருவது உங்கள் வீட்டுக்கு அல்ல. பெயரை வெளியிடலாமா என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். அப்புறம், பழங்குடிப் பிரதிநிதிகள் ஐ.நா. கூட்டங்களுக்குச் செல்லப் பயணச் செலவு தரும் நிதி ஒன்று 1985 முதல் இருக்கிறது. விண்ணப்பம் அவர்களுடைய அமைப்பின் பெயரில் போக வேண்டும். படிவத்தை நிரப்ப உதவுங்கள்.