கைவிரல் வீக்கத்துக்கு முடக்கத்தான் மட்டும் போதுமா?

கேள்வி: காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்யும் என் தாயாருக்கு வயது 58. இரு கைகளிலும் விரல் கணுக்கள் வீங்கியுள்ளன. காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விரல்களை மடக்க முடிவதில்லை. மருத்துவர்கள் முடக்குவாதம் என்று கூறி, வாரம் ஒரு நாள் உட்கொள்ளும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். தெரிந்த சிலரோ அதை நிறுத்திவிட்டு முடக்கத்தான் கீரையும், தெரிந்தவர் பொட்டலமாகத் தரும் மூலிகைச் சூரணமும் சாப்பிடச் சொல்கிறார்கள். சூரணம் கொடுத்த மூன்றாம் நாளே வலி குறைந்துவிட்டது. மாத்திரையை நிறுத்திவிடலாமா?
– வாசகி, காசிமேடு

பதில்: நிறுத்த வேண்டாம். முடக்குவாதத்தில் உடலின் எதிர்ப்பாற்றலே மூட்டின் உட்சவ்வைத் தாக்குகிறது. அதை அடக்காமல் விட்டால், வலி குறைந்திருக்கும் நாட்களிலும் எலும்பு அரிபட்டு விரல்கள் நிரந்தரமாகக் கோணிவிடும். அந்த அரிப்பைத் தடுக்கவே மாத்திரை தரப்படுகிறது.

என்னை உண்மையில் கவலைப்பட வைப்பது அந்தச் சூரணம்தான். மூட்டு வீக்கத்துக்கான மூலிகைகள் வாரக்கணக்கில் மெல்ல வேலை செய்பவை. பெயரும் உற்பத்தி உரிம எண்ணும் இல்லாத பொடி மூன்றே நாளில் வலியைப் போக்கினால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்குமோ என்று ஐயப்பட வேண்டும். அறியாமல் நெடுநாள் சாப்பிட்டால் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறும், எலும்பு மெலியும். பழகிய உடலில் அதைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. ஆகவே மேற்கொண்டு பொட்டலம் வாங்காமல், இருப்பதைக் கையோடு கொண்டுபோய் இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.

முடக்கத்தான் அப்படிப்பட்டதன்று. முடக்கு அறுத்தான் என்பதே அதன் பெயர். ஊறவைத்த அரிசியுடன் ஒரு கைப்பிடி இலையை அரைத்துத் தோசையாக வார்ப்பதும், ரசத்தில் சேர்ப்பதும் நம் வீடுகளில் நெடுங்காலப் பழக்கம். விலங்குகளிடம் செய்த ஆய்வுகளில் இதன் சாறு வீக்கத்தைக் குறைத்திருக்கிறது. ஆனால் எலும்பு அரிப்பைத் தடுக்கும் என்பதற்கு அது சான்றாகாது. உணவாக வாரம் இரண்டு மூன்று முறை கொடுங்கள், புதிதாகச் சாப்பிடுபவர்களுக்குச் சற்று வயிறு இளகலாம். மூன்று அறைகளுடன் பலூன் போல் உப்பிய காயும், கருவிதையில் வெள்ளை இதய வடிவப் புள்ளியும் இதன் அடையாளங்கள். பக்கிங்காம் கால்வாய்க் கரையிலும் தொழிற்சாலைகளை ஒட்டிய வேலிகளிலும் படர்ந்திருப்பதை மட்டும் பறிக்காதீர்கள். அந்த மண்ணிலும் நீரிலும் கலந்த கழிவு இலையிலும் ஏறக்கூடும். மாடியில் ஒரு தொட்டியில் விதை போட்டாலே கொடி வந்துவிடும்.

நொச்சி இலையை விளக்கெண்ணெயில் வதக்கித் துணியில் முடிந்து, பொறுக்கும் சூட்டில் ஒற்றடம் கொடுப்பது காலை இறுக்கத்துக்கு இதமளிக்கும். மூட்டு சிவந்து கொதிக்கும்போது அதைத் தவிர்க்க வேண்டும். வீக்கத்தைத் தணிக்கும் எனக் கருதப்படும், மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருள் தனியே உடலில் மிகக் குறைவாகவே சேர்கிறது. மிளகின் பைப்பரின் அதைப் பன்மடங்கு கூட்டுவதை 1998இல் பெங்களூரில் நடந்த ஆய்வு காட்டியது. சமையலில் இரண்டையும் தாராளமாகச் சேர்க்கலாம். குர்குமின் மாத்திரையோ, இரத்தம் உறையாமைக்கு மருந்து உண்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் தொடக்கூடாதது.

சீந்தில் கொடியைத் தங்கள் தாயாருக்குக் கொடுக்கவே வேண்டாம். அது எதிர்ப்பாற்றலைத் தூண்டுவது. அவருடைய நோயோ அந்த ஆற்றல் மிகுந்து திசைமாறியதால் வந்தது. சீந்தில் உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை 2021இல் மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தனர். மெத்தோட்ரெக்சேட்டும் கல்லீரலுக்குச் சுமையே என்பதால், உரிய காலத்தில் இரத்தப் பரிசோதனை செய்து வாருங்கள்.

சித்த மருந்து வேண்டுமென்றால் அரும்பாக்கம் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனைக்கோ, தாம்பரம் சானடோரியத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கோ அழைத்துச் செல்லுங்கள். உண்ணும் மாத்திரையின் அட்டையை அங்கே காட்டுங்கள். அங்கே தரும் மருந்தை, மெத்தோட்ரெக்சேட் தரும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மெத்தோட்ரெக்சேட்டை வாரத்தில் எந்த நாள் என்று நாட்காட்டியில் குறித்து வையுங்கள், தவறுதலாகத் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. பனிக்கட்டியில் கைவைத்து மீன் எடுக்கும் வேளையில் தாயார் தடித்த ரப்பர் கையுறை அணியட்டும்.