வாய் கெட்ட விருந்தாளி

ஐயா, வணக்கம்.

உங்கள் கட்டுரை ஒன்றில் பெயரைப் பார்த்துவிட்டு ஊர் ஊராகப் போய்ச் சாப்பிட்ட அமெரிக்கச் சமையல்காரர் ஆண்டனி போர்டெய்னின் தொலைக்காட்சி அத்தியாயங்கள் ஏழெட்டைத் தேடிப் பார்த்தேன். வீட்டில் மூன்று பேருக்கு மூன்று அபிப்பிராயம். என் கணவர், "இந்த ஆள் வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை, மூடினால் பீர்" என்று எழுந்து போய்விட்டார். பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நான் நடுவில் நிற்கிறேன்.

நாங்கள் சைவம். சைவம் சாப்பிடுகிறவர்களைத் தீவிரவாதக் கும்பலோடு ஒப்பிட்டு இவர் எழுதியிருப்பதாகப் படித்தேன். உண்மையா? துடிக்கிற பாம்பு இதயத்தை விழுங்குவதில் என்ன பெருமை? இன்னொரு குறையும் உண்டு. சமையல்காரர் நடத்துகிற நிகழ்ச்சியில் ஒரு பதார்த்தத்தைக்கூட எப்படிச் செய்வது என்று சொல்வதில்லை. நம்மூர் யூடியூப்காரர்களாவது அளவு சொல்கிறார்கள். இவரை ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்? மகளைப் பார்க்க விடலாமா? விடலாமென்றால் எதிலிருந்து?

எஸ்., கும்பகோணம்

அன்புள்ள எஸ்.,

உங்கள் கணவர் சொன்னதில் பிழை இல்லை. பீப் ஒலி இல்லாத அத்தியாயம் அபூர்வம். ஆனால் அந்தத் திட்டு யாரை நோக்கிப் போகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே பாருங்கள். தொலைக்காட்சிச் சமையல் நட்சத்திரங்கள், சுற்றுலாத் துறை ஏற்பாடு செய்த கலைநிகழ்ச்சி, தன் படப்பிடிப்புக் குழு, எல்லாவற்றுக்கும் மேலாகத் தன்னையே. சோறு போட்ட வீட்டுக்காரரைத் திட்டியதாக ஒன்று எழுதுவதற்குள் தாள் தீர்ந்துவிடும். இதற்கு அவர் வைத்திருந்த பெயர் 'பாட்டி விதி'. பாட்டி வீட்டில் கறி வறண்டுபோயிருந்தாலும் அது பாட்டி வீடு. சாப்பிட்டுவிட்டு நன்றாயிருக்கிறது என்று சொல்லி, இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டும். நமீபியாவில் சான் பழங்குடி வேட்டைக்காரர்கள் காட்டுப்பன்றியின் கழுவாத மலக்குடலைச் சாம்பலில் சுட்டு, மரியாதைக்குரிய பங்கு என்று அவர் கையில் கொடுத்தார்கள். மணலும் சாம்பலுமாக அதைத் தின்றார். வாழ்க்கையில் சாப்பிட்டவற்றிலேயே மோசமானவற்றில் ஒன்று என்று பிறகு பல இடங்களில் சொன்னார். கொடுத்தவர் முன்னால் முகம் சுளிக்கவில்லை.

பாம்பு இதயம் இதில் சேராது. 2002இல் தொடங்கிய அவருடைய முதல் தொடரில், வியட்நாம் உணவகம் ஒன்றில் நடந்தது அது. அங்கே யாரும் அன்போடு பரிமாறவில்லை. காசு கொடுத்து வாங்கிய வேடிக்கை. அந்தத் தொடரே இந்த மாதிரி வித்தைகளை நம்பி ஓடியதுதான். அதைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் பக்கம்தான் நானும்.

அந்த வாய் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அவர் தொலைக்காட்சிக்கு வந்து சமையல் கற்றவர் இல்லை. 1978இல் அமெரிக்கச் சமையல் கல்லூரியில் படிப்பை முடித்து, இருபது வருடம் நியூயார்க் அடுப்படிகளில் நின்று, 'லே ஆல்' என்ற பிரெஞ்சு உணவகத்தின் தலைமைச் சமையல்காரராக இருந்தவர். நடுவே ஹெராயின் பழக்கமும் இருந்தது, அதை அவரே எழுதினார். 1999இல் ஒரு பத்திரிகைக் கட்டுரை, 2000இல் ஒரு புத்தகம். இரண்டும் தொழில் ரகசியங்களைப் போட்டு உடைத்தன. உலகம் முதலில் திரும்பிப் பார்த்தது அதற்காகத்தான்.

'திங்கட்கிழமை மீன் கேட்காதே' என்பது அவற்றில் பிரபலமானது. அதன் கணக்கு இப்படி. சனி, ஞாயிறு மீன் சந்தை இல்லை. எனவே வார இறுதி வியாபாரத்துக்கான சரக்கு வெள்ளிக்கிழமை காலையிலேயே வந்துவிடும். வெள்ளி, சனி இரவுகளில் விற்றது போக மிச்சம், அடுப்புக்குப் பக்கத்துக் குளிர்பெட்டியில் கிடக்கும். பரபரப்பான நேரத்தில் அந்தக் கதவு நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து மூடும், உள்ளே குளிர் நிற்காது. திங்கள் இரவு உங்கள் தட்டுக்கு வருவது நாலு நாள் மீன். சந்தையும் கடைகளும் மாறிய பிறகு அவரே இந்த அறிவுரையைத் திரும்பப் பெற்றார். ஆனால் இன்றும் அதைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள்.

அடுத்து ஹாலண்டேஸ். முட்டை மஞ்சள் கருவும் உருக்கிய வெண்ணெயும் சேர்த்து அடிக்கிற சாஸ். சூடு கூடினால் முட்டை திரிந்துவிடும், குறைந்தால் வெண்ணெய் உறைந்துவிடும். அதனால் வெதுவெதுப்பாகவே வைத்திருக்க வேண்டும், மணிக்கணக்கில். கிருமிகளுக்கும் அதே சூடுதான் இஷ்டம். மதியம் இரண்டு மணிக்கு மிஞ்சிய தேங்காய்ச் சட்னியை மோந்து பார்த்துவிட்டு ஒதுக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மாட்டிறைச்சியை 'நன்றாக வேகட்டும்' என்று கேட்கிறவருக்கு நரம்போடிய, பழசாகிப்போன துண்டைத் தள்ளிவிடுவார்கள் என்றும் எழுதினார். வெந்து கருகியபின் வித்தியாசம் தெரியாதல்லவா.

உணவகச் சாப்பாடு வீட்டுச் சாப்பாட்டைவிட ஏன் ருசிக்கிறது என்பதற்கு அவர் சொன்ன காரணங்களும் இப்படிச் சப்பென்றவைதான். ஒன்று வெண்ணெய். ஒரு முழு விருந்தில் தலைக்கு ஒரு கட்டி, அதாவது சுமார் 110 கிராம், உள்ளே போய்விடும். இன்னொன்று ஷாலட். நம் சின்ன வெங்காயத்தின் உறவு. கும்பகோணத்துச் சாம்பார்க்காரர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

சைவம் பற்றிக் கேட்டீர்கள். உண்மைதான். அந்தப் புத்தகத்தில் சைவர்கள் சமையல்காரனுக்குத் தொல்லை என்றும், பால்கூடத் தொடாத வீகன்கள் அவர்களுடைய ஹிஸ்புல்லா போன்ற கிளை என்றும் எழுதினார். மோசமான நகைச்சுவை. அதற்குப் பதிலும் அவரே கொடுத்தார், 2014 பஞ்சாப் அத்தியாயத்தில். அமிர்தசரஸின் கேசர் தாபாவில் பருப்பும் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு, மேற்கத்திய சைவம் இப்படி இருந்திருந்தால் நான் இவ்வளவு மட்டமாகப் பேசியிருக்க மாட்டேன் என்ற பொருளில் ஒப்புக்கொண்டார். மன்னிப்பு என்று அதைச் சொல்ல முடியாது. அவருடைய ஊரில் சைவம் என்பது கறியை எடுத்துவிட்டு மீதியை வைப்பது. இங்கே அது கறியைப் பற்றி யோசிக்காமலே வளர்ந்த சமையல். அந்த வித்தியாசத்தை நாக்கு கண்டுபிடித்துவிட்டது, அவ்வளவுதான்.

இனிச் செய்முறை. அவர் அளவு சொல்லாததற்குக் காரணம் படப்பிடிப்பில் இருக்கிறது. வழக்கமான உணவு நிகழ்ச்சியில் தட்டு வந்ததும் முதலில் அதைத் தனியாகப் படமெடுப்பார்கள். ஒலிக்காக மின்விசிறி, குளிர்பெட்டி, கடையின் பாட்டு எல்லாவற்றையும் நிறுத்துவார்கள். பின்னால் பாட்டு ஓடினால் பேச்சை வெட்டி ஒட்ட முடியாது. ஆவி லென்ஸில் படிந்தால் துடைத்துவிட்டு மறுபடி. இதெல்லாம் முடிந்து வாயில் வைக்கும்போது சோறு ஆறிப்போயிருக்கும். அந்த ஆறிய கவளத்துக்குத்தான் கண்ணை மூடி, தலையை ஆட்டி, 'வேற லெவல்' என்கிறார்கள். நம்மூர்க் காணொளிகளில் முதல் கவளத்தின் முகபாவம் எல்லாக் கடைக்கும் ஒன்றாகவே இருப்பது அதனால்தான்.

போர்டெய்னுக்கு இந்த 'இன்னொரு முறை நடந்து வாருங்கள்' சமாச்சாரமே பிடிக்காது. அவருடைய காட்சிகளில் ருசி வர்ணனை குறைவு என்பதைக் கவனித்திருப்பீர்கள். மென்று, ஒரு முனகல், பிறகு எதிரில் இருப்பவரிடம் கேள்வி. அளவு சொல்ல அங்கே இடமில்லை. என்ன சாப்பிடுவீர்கள், என்ன சமைக்கப் பிடிக்கும், எது உங்களுக்குச் சந்தோஷம் என்ற எளிய கேள்விகளைத்தான் கேட்கிறோம், திகைக்க வைக்கும் பதில்கள் கிடைக்கின்றன என்று பீபடி என்ற அமெரிக்க ஒலிபரப்பு விருது மேடையில் சொன்னார். நினைத்ததையெல்லாம் பிறகு எழுதி, பின்னணிக் குரலாகத் தானே பேசிவிடுவார். நிகழ்ச்சியின் பாதி உயிர் அந்த எழுத்தில் இருக்கிறது. அவர் இறந்தபின் 2021இல் வந்த ஆவணப்படத்தில் சில வரிகளைச் செயற்கை நுண்ணறிவால் அவர் குரலில் பேச வைத்தபோது ரசிகர்கள் அவ்வளவு கொதித்ததும் இதனால்தான்.

பொய்யான காட்சியை அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்பதற்குச் சிசிலி, 2013. கடலில் முக்குளித்து ஆக்டோபஸ் பிடிப்பதாகக் காட்சி. தண்ணீருக்குள் ஒன்றும் அகப்படவில்லை. திடீரென்று தலைக்கு மேலே 'தொப்'. பக்கத்துப் படகிலிருந்து ஒருவர், உறைந்து பாதி இளகிய செத்த ஆக்டோபஸை உள்ளே போடுகிறார். அது மெல்லச் சுழன்றுகொண்டே அவர் கண்ணெதிரில் அடிமணலுக்கு இறங்குகிறது. பிறகு இன்னொன்று. உள்ளூர்க்காரர் அதை எடுத்து, இப்போதுதான் பிடித்த மாதிரி உயர்த்திக் காட்டுகிறார். வேறு எந்தக் குழுவாக இருந்தாலும் நடுப்பகுதியை வெட்டிவிட்டு, ஆக்டோபஸ் உயர்வதை மட்டும் வைத்திருக்கும். இவர் 'தொப்'பையும் வைத்து, தான் நொந்துபோய்க் குடித்ததையும் வைத்து ஒளிபரப்பினார். பார்த்தவர்களில் ஒரு சாரார், உதவ நினைத்த மனிதரை அவமானப்படுத்திவிட்டார் என்றார்கள். எனக்கும் அது கொஞ்சம் உறுத்தல்தான். பாட்டி விதி அங்கே வேலை செய்யவில்லை.

சரி, அவர் சொல்லாத ஒரு செய்முறையை நான் சொல்கிறேன். 2010 ரோம் அத்தியாயம் முழுக்கக் கறுப்பு வெள்ளை. உணவு நிகழ்ச்சியில் நிறத்தை எடுத்துவிடுவது பைத்தியக்காரத்தனம் என்று பார்த்தவர்கள் திட்டினார்கள். ஆனால் அவர் அதில் உருகியது காச்சோ எ பெப்பே என்ற பாஸ்தாவில், வெள்ளைப் பாலாடைக்கட்டியும் கறுப்பு மிளகும். அதற்கு நிறமே வேண்டாம். கடையின் பெயரை மட்டும் சொல்ல மறுத்துவிட்டார். சொன்னால் மறுவாரம் அங்கே உள்ளூர்க்காரருக்கு இடமிருக்காது என்று தெரியும். ரசிகர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

இரண்டு பேருக்கு ஸ்பகெட்டி 200 கிராம், பெகொரினோ பாலாடைக்கட்டி 100 கிராம் மாவு போலத் துருவியது, ஒன்றரைத் தேக்கரண்டி மிளகு வெறும் வாணலியில் வாசம் வர வறுத்து ஒன்றிரண்டாக இடித்தது. தண்ணீர் ஒன்றரை லிட்டருக்கு மேல் வேண்டாம், அப்போதுதான் கஞ்சி கெட்டியாக இறங்கும். பாலாடைக்கட்டியிலேயே உப்பு இருப்பதால் தண்ணீரில் பாதி உப்பு போதும். வேகும்போது ஒரு கரண்டி கஞ்சியை எடுத்து, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, துருவலில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு இட்லி மாவுப் பதத்தில் குழையுங்கள். வெந்த ஸ்பகெட்டியை மிளகு வாணலிக்கு மாற்றி, இன்னொரு கரண்டி கஞ்சி விட்டுப் புரட்டி, அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் பொறுத்து, பிறகு விழுதைச் சேர்த்து விடாமல் கிளறுங்கள். அடுப்பு எரியும்போதே போட்டால் புரதம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ரப்பர் உருண்டையாகும், நெய் தனியே கக்கும். கஞ்சியிலுள்ள மாவுச்சத்து நடுவில் புகுந்து அதைத் தடுக்கிறது. மோர்க்குழம்புக்கு ஊறவைத்த துவரம்பருப்பும் அரிசியும் அரைத்துவிட்டு, நுரை கட்டியதும் இறக்குகிறீர்களே, அதே சூட்சுமம்.

ஒரு எச்சரிக்கை. அசல் பெகொரினோவைப் பால் திரிக்க ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரெனட் சேர்த்துத்தான் செய்கிறார்கள். பார்மிஜானோ பாலாடைக்கட்டிக்குக் கன்றின் ரெனட். பொட்டலத்தில் பச்சைப் புள்ளி பார்த்து வாங்குங்கள். உப்பு வேறுபடும், ருசி பார்த்துச் சேருங்கள்.

கொண்டாட்டத்துக்கு வருகிறேன். 2018 ஜூன் 8 அன்று அவர் பிரான்ஸில் இறந்தபோது, ஏற்கெனவே மூடிக்கிடந்த 'லே ஆல்' உணவகத்தின் கதவில் ஜனங்கள் கைப்பட எழுதிய சீட்டுகளை ஒட்டினார்கள், பூ வைத்தார்கள். நியூயார்க் அடுப்படிகளைத் தாங்குகிறவர்கள் மெக்சிகோ, ஈக்வடார்க்காரர்கள் என்று ஓயாமல் சொன்னவர் அவர். சட்டி கழுவுகிறவனுக்கும் தன் தொழிலைப் பற்றி யாரோ பேசினார்கள் என்ற எண்ணம் இருந்தது. இதைச் சொல்லும்போது மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அடுப்படியின் ஆண் திமிரை அவருடைய புத்தகம் கவர்ச்சியாக்கியது. 2017 டிசம்பரில், உணவகத் துறைப் பெண்கள் வெளிப்படையாகப் பேசத் தொடங்கியபோது, அதற்காக வருந்துவதாக எழுதினார். தாமதம்தான். குடியைக் கொண்டாடியதற்கு அந்த அளவு வருத்தம்கூட அவர் காட்டியதாகத் தெரியவில்லை. மகளோடு உட்கார்ந்து பார்ப்பீர்களென்றால் இதையும் பேசிவிடுங்கள்.

பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை தாராளமாகப் பார்க்கலாம். பஞ்சாபிலிருந்து தொடங்குங்கள். அடுத்து 2017 இலங்கை. முதல்முறை போனபோது போர் நடந்துகொண்டிருந்தது, வடக்கே போக முடியவில்லை. இரண்டாம் முறை கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ரயிலேறுகிறார். பிறகு 2016 ஹனோய். அமெரிக்க அதிபர் ஒபாமாவும் அவரும் குட்டைப் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து புன் சா சாப்பிடுகிறார்கள். கரியில் வாட்டிய பன்றிக்கறி, இனிப்பும் புளிப்புமான மீன் சாறு, நம் இடியாப்பத்துக்குப் பங்காளியான அரிசி நூல். பில் ஆறு டாலர், கொடுத்தது போர்டெய்ன். கடைக்காரர் அந்த மேசையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

கணவரைக் கூப்பிடுவதானால் 2006 பெய்ரூட்டுக்குக் கூப்பிடுங்கள். சாப்பாட்டு நிகழ்ச்சி எடுக்கப் போன இடத்தில் போர் மூண்டு, ஓட்டலில் அடைபட்டு, விமான நிலையம் எரிவதைப் பார்த்து, கடைசியில் அமெரிக்கக் கடற்படைக் கப்பலில் வெளியேறுகிறார்கள். அதில் குடி உண்டு. சாப்பாடுதான் ஆரம்பத்தோடு நின்றுவிடும்.