தொடர்ந்து ஐந்து தோல்வி: பாங்கொக் அழைப்புக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி: எனக்கு 31 வயது, கொட்டாஞ்சேனையில் வசிக்கிறேன். லைட்வெயிட் பிரிவில் தொழில்முறைக் குத்துச்சண்டை வீரன். முதல் பத்துப் போட்டிகளில் எட்டை வென்றேன். கடைசி ஐந்திலும் தோற்றேன், எல்லாம் வெளிநாட்டில். மூன்று புள்ளித் தோல்விகள், பிறகு இரண்டு நாக்அவுட். அந்த இரண்டுக்கும் இடையில் பத்து வாரம். கடைசியாக விழுந்து ஏழு வாரம் ஆகிறது. இன்னும் மூன்று வாரத்தில் பாங்கொக்கில் போட்டி இருக்கிறது என்று அழைக்கிறார்கள். மனைவி வேண்டாம் என்கிறார். தொடர்வதா, வேறு வழி பார்ப்பதா?

பதில்: பாங்கொக் போட்டிக்கு வரவில்லை என்று இன்றே சொல்லிவிடுங்கள். மற்றவற்றை ஆறுதலாகப் பேசலாம்.

அமெச்சூர் குத்துச்சண்டையில் நெடுங்காலமாக ஒரு விதி உண்டு. தலையில் அடி வாங்கி ஒருமுறை நாக்அவுட் ஆனால் குறைந்தது 30 நாள் வளையம் ஏறக் கூடாது. மூன்று மாதத்துக்குள் இரண்டு முறை விழுந்தால் மூன்று மாதம். 12 மாதத்துக்குள் மூன்று முறை என்றால் ஒரு வருடம். உங்கள் கணக்கை இதில் வைத்துப் பாருங்கள். பாங்கொக்கில் மணி அடிக்கும் நாளில் உங்களுக்குப் பத்து வாரம்தான் ஆகியிருக்கும். சுகததாச உள்ளரங்கில் மோதும் ஓர் அமெச்சூர் வீரனைத் தடுத்து நிறுத்தும் விதி உங்களைத் தடுக்கவில்லை. காசு வாங்கி அடி வாங்குகிறவனுக்குத்தான் பாதுகாப்பு குறைவு என்பது என்னை இன்றும் கோபப்படுத்துகிறது. இந்த ஓய்வுக் காலத்தில் ஸ்பாரிங்கும், அதாவது பயிற்சி மோதலும் கூடாது. தலைக்காப்பு வெட்டுக்காயத்தைத் தடுக்கும். மண்டைக்குள் மூளை குலுங்குவதை அது தடுக்காது.

அடுத்து, நரம்பியல் வைத்திய நிபுணர் ஒருவரைப் பாருங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் எடுங்கள். ஆனால் படம் சுத்தமாக வந்தால் மூளைக்கு ஒன்றுமில்லை என்று எண்ணிவிடாதீர்கள். தொடர்ந்து தலையில் அடி வாங்கும் குத்துச்சண்டை வீரர்களின் மூளைச் சிதைவைப் பற்றி அமெரிக்க வைத்தியர் ஹாரிசன் மார்ட்லண்ட் 1928இலேயே எழுதினார். இத்தனை காலம் கழித்தும் அந்த நோயை உறுதியாகச் சொல்ல, இறந்த பின் மூளையைப் பரிசோதிப்பதைத் தவிர வழியில்லை. ஆகவே படத்தைவிட உங்கள் நாளாந்த வாழ்க்கை அதிகம் சொல்லும். தூக்கம் கெட்டிருக்கிறதா, வெளிச்சம் கண்ணைக் கூசுகிறதா, பேசும்போது சொல் வர மறுக்கிறதா, சின்ன விடயத்துக்கெல்லாம் கோபம் வருகிறதா? இவற்றில் ஒன்றுக்காவது ஆம் என்று பதில் வந்தால் குத்துச்சண்டை அத்துடன் முடிந்தது. அதற்கு மேல் என்னிடம் வாதமில்லை.

எதுவும் இல்லை, வைத்தியரும் சரி என்கிறார் என்று வையுங்கள். அப்போதுதான் தோல்விகளை எண்ணுவதை விட்டு, ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஐந்து காணொளிகளையும் உங்களுக்கு வேண்டியவரல்லாத ஒரு பயிற்றுவிப்பாளரிடம் கொடுங்கள். எத்தனை நாள் அவகாசத்தில் போனீர்கள், எத்தனை கிலோ குறைத்தீர்கள் என்பதையும் எழுதிக் கொடுங்கள்.

எடை பற்றிக் கேட்கக் காரணம் இருக்கிறது. லைட்வெயிட் எல்லை 135 இறாத்தல், அதாவது 61.2 கிலோ. சாதாரண நாளில் நீங்கள் 70 கிலோவுக்கு மேல் நிற்பவர் என்றால், எதிராளியிடம் தோற்க முன்பே தராசிடம் தோற்றிருக்கிறீர்கள். பிலிப்பைன்ஸ் வீரர் மனி பக்கியாவோவின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1999இல் தாய்லாந்தில், 112 இறாத்தல் எல்லைக்குள் வர முடியாமல் பட்டத்தைத் தராசிலேயே இழந்தார். மூன்றாம் சுற்றில் நாக்அவுட்டும் ஆனார். பிறகு உடம்புக்குப் பொருந்திய 122 இறாத்தல் பிரிவுக்கு ஏறி, 2001இல் இரண்டு வார அவகாசத்தில் அழைக்கப்பட்ட போட்டியில் தென்னாபிரிக்க வீரர் லெட்வாபாவை வீழ்த்தி உலகப் பட்டம் வென்றார். அவரும் குறுகிய அவகாசத்தில்தானே போனார் என்று கேட்பீர்கள். அவருக்கு அப்போது 22 வயது. அதற்கு முந்தைய மாதங்களில் அவர் நாக்அவுட் ஆகியிருக்கவுமில்லை.

உங்கள் தோல்விகளில் நான் காண்பது வேறொன்று. முதலில் புள்ளித் தோல்விகள், பிறகு நாக்அவுட்கள். அடியை வாங்கி நிற்கும் சக்தி குறையத் தொடங்கியவரிடம் இந்த வரிசையைப் பார்த்திருக்கிறேன். எடைப் பிரிவை மாற்றினால் அது திரும்பி வராது. காணொளியில் உங்களை விழுத்திய அடியைப் பாருங்கள். இரண்டு வருடத்துக்கு முன் அதே அடியை வாங்கி நின்றிருப்பீர்கள் என்று தோன்றினால், பதில் கிடைத்துவிட்டது.

ஏன் உங்களைத் தேடி அழைப்பு வருகிறது என்பதையும் யோசியுங்கள். எட்டு வெற்றி இருப்பதால் உங்களை வெல்வது உள்ளூர் வீரருக்கு மதிப்பு. ஐந்து தொடர் தோல்வி இருப்பதால் அவருக்கு ஆபத்துக் குறைவு. அனுமதிச்சீட்டு விற்பது அவர் பெயரில்; நீங்கள் அவருடைய பதிவில் ஒரு வரி. இதையே தொழிலாகக் கொண்டவர்களும் உண்டு. பேர்மிங்காமைச் சேர்ந்த பீட்டர் பக்லி 300 போட்டிகளில் 256 தோற்றார், 2008இல் ஓய்வு பெற்றார். நான் அவரை மதிக்கிறேன். ஆனால் அவர் அடி படாமல் தோற்கக் கற்றவர். நாக்அவுட் ஆனது அரிது. பெரும்பாலும் சொந்த நாட்டிலேயே, ஒரே கட்டுப்பாட்டுச் சபையின் கண்காணிப்பில் மோதினார். பத்து வாரத்தில் இரண்டு முறை விழுந்தவருக்கு அந்த வழி இல்லை.

வருமானம் பற்றிய பயம் நியாயமானது. கொழும்பில் வெள்ளவத்தை முதல் கொள்ளுப்பிட்டி வரை உடற்பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. அங்கே குத்துச்சண்டைப் பயிற்சிக்கு வருகிறவர்களில் பலர் அலுவலகக்காரர்கள். மெஷினுக்கல்ல, பேட் (குத்துகளை ஏந்தும் கைத்திண்டு) பிடித்துக்கொடுக்கத் தெரிந்த ஆளுக்குத்தான் அவர்கள் காசு கொடுக்கிறார்கள். பேட் பிடிப்பது தனிக் கலை. அடிக்கத் தெரிந்த எல்லாருக்கும் அது வராது. தேசிய விளையாட்டு விஞ்ஞான நிறுவனத்தின் பயிற்றுவிப்பாளர் கற்கைகளைப் பற்றி விசாரியுங்கள். கையில் சான்றிதழ் இருந்தால் பாடசாலைகளின் கதவையும் தட்டலாம். தமிழிலேயே காலசைவு சொல்லிக்கொடுக்கும் ஒருவர் கொட்டாஞ்சேனைப் பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய உதவி என்பதை நீங்களே அறிவீர்கள். வேலைக்குச் சேர்ந்தால் ஊழியர் சேமலாப நிதியை வற்புறுத்திக் கேளுங்கள்: உங்கள் பங்கு 8 சதவீதம், முதலாளியின் பங்கு 12. வளையத்தில் யாரும் உங்களுக்கு அதைக் கட்டவில்லை. மாணவர்களுடன் ஸ்பாரிங் மட்டும் வேண்டாம். புதியவன் கண்மூடி வீசும் கையும் தலையில்தான் விழும்.

வைத்தியரிடம் போகும்போது மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள், தம்பி. கேள்விகளுக்கு முதலில் அவர் பதில் சொல்லட்டும். மறதியும் கோபமும் கூடியிருந்தால் அது உங்களுக்கு முன் அவருக்குத்தான் தெரிந்திருக்கும்.